கணக்கு யாருடைய வேலை?

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் இதய அறுவைப் பிரிவில் மயக்கவியல் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக நீங்கள் எழுதியிருந்தது மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அதே கடிதத்தில், அங்கே ஒவ்வொரு அறுவைக்கும் நிரப்ப வேண்டிய படிவங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதுதான் உங்கள் பொறுப்பு, எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கு வைப்பது நிர்வாகத்தின் வேலை என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். நம் துறையில் இன்னும் பலர் அப்படி நினைப்பதால், உங்கள் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி என்ற மருத்துவமனையின் பெயரை நீங்கள் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கேட்பீர்கள். 1984-இல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதய அறுவை செய்வதற்காக அரசு தேர்ந்தெடுத்த ஒன்பது மையங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அங்கே இதய மருத்துவர்கள் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தார்கள்; திறந்த இதய அறுவையோ சற்றுத் தொலைவில் இருந்த இன்னொரு கட்டடத்தில் நடந்தது. அறுவை முடிந்த குழந்தைகள் பெரியவர்களோடு ஒரே ஐ.சி.யு.வில் கிடத்தப்பட்டார்கள். ஒரு நள்ளிரவில் குழந்தையின் இரத்த அழுத்தம் சரிந்தால், அதன் இதயத்தை நன்கு அறிந்த மருத்துவர் வேறொரு கட்டடத்திலிருந்து வர வேண்டும் என்றால், அதன் பொருள் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1988-இல் அங்கு மயக்கவியல் நிபுணராகச் சேர்ந்தவர் டாக்டர் ஸ்டீபன் போல்சின். லண்டன் பிராம்டன் மருத்துவமனையில் பயின்றவர் என்பதால், இங்கே அறுவைகள் அளவுக்கு மீறி நீள்கின்றன என்பது அவர் கண்ணில் பட்டது. இதைக் கவனிக்க, மயக்கவியல் மருத்துவர்களான நம்மைவிடத் தோதானவர் தியேட்டருக்குள் யாருமில்லை. தமனி மாற்று அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிப் பிறந்த பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் வெட்டி மாற்றிப் பொருத்துவதைவிட, இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும், ஓரிரு மில்லிமீட்டர் பருமனே உள்ள கரோனரி தமனிகளை அவற்றைச் சுற்றியுள்ள சிறு திசுவட்டத்தோடு பெயர்த்து, முறுக்கோ இழுப்போ இல்லாமல் புதிய இடத்தில் தைப்பதுதான் கடினம். அந்த நேரம் முழுவதும் பெருந்தமனியில் கிளாம்ப் (இரத்தத்தை அடைக்கும் இடுக்கி) போடப்பட்டிருக்கும். இதயத்துக்கு இரத்தம் போகாது. அறுவை மருத்துவரின் கண் தையலில் இருக்கும்போது, கிளாம்ப் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது நம் சார்ட்டில்தான் ஏறிக்கொண்டே போகும்.

போல்சின் 1990-இல் மருத்துவமனைத் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. பிறகு ஒரு சக மருத்துவரோடு சேர்ந்து, எத்தனை குழந்தைகளுக்கு எந்த அறுவை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தாமே திரட்டத் தொடங்கினார். 1995 ஜனவரியில், பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றுக்குத் தமனி மாற்று அறுவை செய்வதா வேண்டாமா என்று முந்தைய மாலை மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். போல்சின் எதிர்த்தார், மற்றவர்கள் செய்யலாம் என்றார்கள். மறுநாள் அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. 1998-இல், மருத்துவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பொது மருத்துவக் கவுன்சில் இரண்டு அறுவை மருத்துவர்களையும், மருத்துவராகவும் இருந்த அந்த நிர்வாகியையும் கடுமையான தொழில்முறைத் தவறு இழைத்தவர்கள் என்று தீர்மானித்தது. போல்சினோ அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னவர்தான் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது, பிரிஸ்டலில் நடந்ததை ஆராய்ந்த, ஐயன் கென்னடி தலைமையிலான விசாரணைக் குழு 2001 ஜூலையில் அளித்த அறிக்கை. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்டவர்களில், வழக்கமான ஒரு மையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்தார்கள் என்று அது கணித்தது. இதைக் கெட்ட மனிதர்களின் கதையாகச் சொல்லிவிடவும் அறிக்கை மறுத்தது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அந்த அறுவை மருத்துவர்கள் அக்கறையோடு உழைத்தவர்கள்தான். கொடுமை என்னவென்றால், தரத்தைக் கண்காணிப்பது யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை. தேசிய அளவில் ஒவ்வோர் அமைப்பும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டது. கணக்கு வேறு யாருடைய வேலையோ என்று எல்லாரும் நினைத்த இடம் அது, தம்பி.

இதே காலத்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் மார்க் டி லெவால் என்ற அறுவை மருத்துவர், பச்சிளங் குழந்தைகளுக்குத் தாம் செய்த 104 தமனி மாற்று அறுவைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். தொடக்கத்தில் நன்றாக இருந்த முடிவுகள், நடுவில் ஒரு கட்டத்தில் அடுத்தடுத்த இறப்புகளாக மாறியிருந்தன. தற்செயல் என்று ஒதுக்காமல், அந்த அறுவையில் தம்மைவிடச் சிறந்த முடிவுகள் கண்டிருந்த வேறொருவரிடம் போய் மீண்டும் பயின்றார். அத்தனையையும் 1994-இல் கட்டுரையாக வெளியிட்டார். புகழின் உச்சியில் இருந்தவர் இதைச் செய்தார் என்பதற்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

வெறும் இறப்பு விகிதத்தை வைத்து ஒரு பிரிவை எடைபோட முடியாது என்ற உங்கள் மறுப்பு நியாயமானது. இரண்டு கிலோவுக்கும் குறைவான, பாதி இதயம் மட்டுமே வளர்ந்த குழந்தையையும், இதயச் சுவரில் ஓட்டை மட்டும் உள்ள ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒன்றாக எண்ணினால், கடினமான குழந்தைகளை ஏற்கும் மையத்துக்குத்தான் கெட்ட பெயர் வரும். அதனால்தான் இப்போது எடை, வயது, நோயின் தன்மை, உடனிருக்கும் பிற குறைபாடுகள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, அறுவைக்குப் பின் முப்பது நாள் உயிரோடு இருப்போர் விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் கணித்து, உண்மையில் எவ்வளவு என்பதோடு ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். அந்தக் கணிப்புக்கான விவரம் நீங்கள் சலித்துக்கொள்ளும் படிவத்தில் இருந்துதான் போகிறது. 2013-இல் லீட்ஸ் மருத்துவமனையில், இறப்பு அதிகமாகத் தோன்றியதைக் காட்டிக் குழந்தைகள் இதய அறுவையையே இரண்டு வாரம் போல நிறுத்திவைத்தார்கள். பிறகு பார்த்தால், அங்கிருந்து போன விவரங்களே முழுமையாக இல்லை. அந்த நாட்களில் அறுவைக்குக் காத்திருந்த குடும்பங்கள் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டன.

ஆகவே, சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பிரிவில் இந்தத் தரவுகளைத் தொகுப்பவர் யார் என்று விசாரித்து, அவர் அருகில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கட்டம் அடிக்கடி காலியாக வருகிறது என்று அவரே சொல்வார். இறப்புகளை ஆராயும் கூட்டம் எந்தக் கிழமை என்பதையும் கேட்டுவைத்து, அன்று டியூட்டி இல்லாவிட்டாலும் போய்விடுங்கள். அங்கே மயக்கவியல் மருத்துவர்களைப் பேச விடுகிறார்களா என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா