மாநாட்டு மாலைகளில் மேடை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சபை மாநாடுகளின் மாலை வேளையில் நடக்கும் கலைநிகழ்ச்சிகளை அடியோடு நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் ஜெபத்துக்கே ஒதுக்க வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வாடகைக்கு அமர்த்திய இசைக்குழு, கண் கூசும் விளக்குகள், சினிமா மெட்டில் வார்த்தைகளை மட்டும் மாற்றிய பாடல்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாதபடி அலறும் ஒலிபெருக்கி என்று பல மாநாடுகளின் மாலைப்பொழுது மாறிப்போனதை நானும் பார்த்து வருவதால், அவருடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கேளிக்கையே பக்திக்குப் பகை என்ற அவரது முடிவைத் தமிழ்த் திருச்சபையின் வரலாறு ஏற்காது.

கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) எடுத்துக்கொள்வோம். உலா வரும் தலைவன், அவன்மேல் காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன் என்று கோயில்களிலும் அரண்மனையிலும் ஆடிப்பாடி மகிழப்பட்ட நாட்டிய நாடகம் குறவஞ்சி. அதை உலகக் கேளிக்கை என்று தள்ளிவிடாமல், சீயோன் மகளாகிய தேவமோகினியைத் தலைவியாக்கி அவர் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் ஆலயத்தில் தமிழிசைக்குத் தடை விதித்தபோது அதை எதிர்த்து முறையிட்டவரும் அவரே. (அதே முறையீட்டில் சாதி வழக்கங்களுக்காகவும் அவர் வாதாடியதை நான் ஆதரிக்கவில்லை.) இசையைப் பொறுத்தவரை காலம் அவர் பக்கம் நின்றது, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவருடைய பாடல்கள் ஏராளமாக இடம்பெற்றன. இன்றும் ஞாயிறு ஆராதனையில் அவற்றைப் பாடுகிறோம்.

அந்தக் கீர்த்தனைகளை, கதையும் பாட்டும் கலந்த காலட்சேபமாகக் கேட்டவர்கள் பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். பாடியவரும் அவர்களுக்கு அறிமுகமானவர். இன்றைய மாநாடுகளில் நானூறு இளைஞர்கள் இருட்டில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒரு குழுவைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். என் குறை நிகழ்ச்சியின் மீதல்ல, அவர்களை வெறும் பார்வையாளர்களாக்கிவிட்ட ஏற்பாட்டின் மீதுதான். ஒவ்வொரு சேகரத்துக்கும் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு) பதினைந்து நிமிடம் கொடுத்து, வில்லுப்பாட்டோ, கும்மியோ, தங்கள் சபைக் கமிட்டியையே கேலி செய்யும் ஒரு ஸ்கிட்டோ அவர்களே தயாரித்து வரட்டும் என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும். தென்மாவட்டங்களில் வில்லடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளைஞர்கள் அவர்களைத் தேடிப்போவதற்கு இது ஒரு காரணமாக அமையும். தயவுசெய்து இதற்குப் பரிசு மட்டும் வைக்க வேண்டாம். பரிசு வந்தால் நடுவர் மீது புகாரும் வரும்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்ற 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி நமக்கும் பொருந்தும் என்பதை அமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை ஜெபத்துக்கு எழ வேண்டியவர்களை மனத்தில் கொண்டு ஒன்பதுக்கே முடித்துவிடுவது நல்லது.

மேலும், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தை ஐந்தே நிமிடத்தில் விளக்குகளைத் தணித்து, மெல்லிசை வாசித்து, வாழ்வை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் அர்ப்பணிப்புக்கு எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. காலையிலிருந்து வேதபாடமும் தியானமும் கேட்டவர்கள் ஒரு மணி நேரம் மனம்விட்டுச் சிரித்தால் அதற்கு ஆவிக்குரிய நியாயம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. அர்ப்பணிப்புக்கு அழைப்பு கொடுப்பதானால் காலைக் கூட்டத்தில் கொடுக்கலாம்.

இசைக்குழுவுக்கும் விளக்குகளுக்கும் செலவாகும் தொகை மிச்சமானால், பதிவுக் கட்டணம் செலுத்த இயலாமல் வீட்டிலேயே நின்றுவிடும் கிராமச் சபை இளைஞர்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள இயலும். அடுத்த ஆண்டு மாநாட்டின் வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும்போது இளைஞர் பணிக்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசையாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.