கடைசி வரிசையில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த பட்ஜெட்டில் குடும்பத்துக்கு மினிவேன் வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின், மைலேஜ், திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் எழுதியவர் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். கடைசி வரிசை இருக்கையைப் பற்றி ஒரு வரிதான்: '7 பேர் தாராளமாக உட்காரலாம்.' யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

எங்கள் வீட்டில் சரியாக 7 பேர். நான், கணவர், மாமனார், மாமியார், 3 பிள்ளைகள். பெரியவளுக்கு 13 வயது, என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். கடைக்குட்டி இன்னும் குழந்தை இருக்கையில்தான் வருகிறான். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இதுவரை 2 மினிவேன் வாங்கியிருக்கிறோம், இரண்டுமே பழையவை. முதலாவதில் நன்றாக ஏமாந்தோம். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் இரண்டு வண்டிக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த முதல் நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வண்டியைப் பார்க்கப் போனது நானும் கணவரும் மட்டும். பிள்ளைகள் வந்தால் தொந்தரவு என்று வீட்டிலேயே விட்டுவிட்டோம். நாங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. 'உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன்' என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தோம்! கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினேன். பின்னால் திரும்பிப் பார்த்து, 'அப்பாடா, எவ்வளவு இடம்' என்று சொன்னது நான்தான். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

முதல் பயணத்திலேயே குட்டு உடைந்தது. கடைசி வரிசையில் தரை உயரம், இருக்கை தாழ்வு. பெரியவள் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வந்துவிடும். 'அம்மா, நான் மடிச்சு வச்ச குடை மாதிரி இருக்கேன்' என்றாள். அதைவிடப் பெரிய பாடு அங்கே போய்ச் சேருவது. நடு வரிசை இருக்கையைச் சாய்த்து முன்னால் தள்ளினால்தான் பின்னால் ஏற வழி. அந்த இருக்கையில் குழந்தை இருக்கை பூட்டியிருந்தால் அது சாயாது. ஆக, ஒவ்வொரு முறையும் குழந்தையை இறக்கி, குழந்தை இருக்கையைக் கழற்றி, பெரியவர்களைப் பின்னால் ஏற்றி, மறுபடி பூட்ட வேண்டும். மழையில் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். குழந்தை இருக்கை இருக்கும்போதே அப்படியே முன்னால் நகர்கிற நடு வரிசை சில வண்டிகளில் உண்டு. நடுவில் 2 தனி இருக்கையும் இடையே நடைபாதையும் உள்ள வண்டியானால் இந்தத் தொல்லையே இல்லை. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் சாமான். 3 வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின் கதவுக்கும் கடைசி இருக்கைக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் என்பதை யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் போடுகிற பெரிய எண் பெரும்பாலும் இருக்கைகளை மடக்கிய பிறகு கிடைக்கிற இடம். எங்கள் வண்டியில் 7 பேரும் ஏறினால் பைகளைப் புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்திவைக்கத்தான் முடிந்தது. எடையிலும் கணக்கு உண்டு. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் 7 பெரியவர்களுக்கு 455 கிலோ. சாமான் அதற்குமேல். வண்டி மொத்தம் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பல வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலேயே ஒட்டியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். கூரையில் பெட்டி கட்டுகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுக் கட்டலாம்.

எங்களை உண்மையில் கவிழ்த்தது பின்பக்க ஏசி. இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தனிக் குளிரூட்டி இருக்கும். அதற்கான குழாய் முன்பக்கத்திலிருந்து வண்டியின் அடிவயிறு வழியாகப் பின்னால் போகிறது. சேறும் தண்ணீரும் அடித்து அடித்து அந்தக் குழாய் அரிக்கும், கேஸ் மெல்லக் கசியும். நாங்கள் பார்க்கப் போன அன்று பின்பக்கத் துவாரங்கள் மூடியிருந்தன. திறந்து பார்க்கத் தோன்றவில்லை. சாயங்காலம், இதமான காற்று, யாருக்கு ஏசி ஞாபகம் வரும்? வெயில் வந்ததும் முன்னால் எங்களுக்குக் கை சில்லிட்டது. பின்னால் மாமனார் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து குறை சொல்கிற மனிதர் இல்லை. கண்ணாடியில் அந்த விசிறலைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மெக்கானிக் வண்டியைத் தூக்கி விளக்கடித்துக் காட்டினார். குழாய் நெடுக எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் மண்ணும் அப்பியிருந்தன. ஒரு நாளில் வந்த பிசுக்கு இல்லை அது. குழாயை முழுசாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது வண்டி வாங்கும்போது வீட்டையே கிளப்பிக்கொண்டு போனோம். 7 பேர், குழந்தை இருக்கை, மாமியாரின் கைத்தடி, 2 பெரிய பெட்டி. விற்பவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, 'குடி வரப்போறீங்களா?' என்று கேட்டார். ஆமாம், ஒரு வகையில் அதேதான்.

முதலில் அவர் கிளப்புவதற்கு முன் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஆறியிருந்தது. காலையிலேயே தொலைபேசியில் 'ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க' என்று சொல்லியிருந்தேன். சூடான எஞ்சின் நிறைய ரகசியத்தை மறைக்கும். ஆறின எஞ்சின் முதல் அரை நிமிடத்திலேயே சத்தமும் புகையுமாக உளறிவிடும். அப்புறம் நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போனேன். பெரியவளை உட்காரவைத்தேன், பக்கத்தில் நான். முட்டி இடிக்கவில்லை. பின்பக்க ஏசியை முழு வேகத்தில் வைத்துக் கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். விற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். சீட் பெல்ட்டை ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியில் எதைக் கழுவினாலும் பெல்ட்டின் உள் சுருளில் சேற்றுக் கோடு தங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். உதிரி டயர் இருக்கும் பள்ளத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தூசிதான் இருந்தது, ஈரமோ துருவோ இல்லை. உள்ளே ஏறினதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் இறங்கிவிடுங்கள் என்பது அவர் கொடுத்த இன்னொரு யோசனை.

குழந்தை இருக்கை பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எத்தனை, எங்கே என்று எண்ணினேன். பல வண்டிகளில் அவை நடு வரிசையில் மட்டும்தான். 2 கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒன்றே வண்டியை முடிவு செய்துவிடும். மோதினால் ஜன்னலோரம் திரைபோல விரிகிற பக்கவாட்டு ஏர்பேக் கடைசி வரிசை வரை வருகிறதா என்றும் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் வருவதில்லை.

ஸ்லைடிங் கதவைப் பற்றி எனக்கு ஒரு பைத்தியமே உண்டு. கையில் குழந்தை, தோளில் பை, பக்கத்து வண்டி ஒட்டி நிற்கிறது, அப்போது கதவு பக்கவாட்டில் நகர்ந்து வழி விடுகிற சுகம் வேறு எந்த வண்டியிலும் கிடையாது. 1980களில் கிறைஸ்லர் நிறுவனம் விட்ட முதல் மினிவேன்களில் ஸ்லைடிங் கதவு ஒரு பக்கம்தான் இருந்தது. ஓட்டுநர் பக்கமும் அந்தக் கதவு வந்தது 1996ஆம் வருட மாடலில். அதுவரை எத்தனை பிள்ளைகள் தம்பி தங்கை மடியை மிதித்துத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருப்பார்களோ! ஆனால் பழைய வண்டியில் மோட்டாரில் ஓடும் கதவு என்றால் கவனம். உள்ளே ஒரு கம்பிக் கயிறு இழுக்கிறது, அது இழைபிரிந்தால் செலவு இருக்கிறது. 10 தடவை திறந்து மூடச் சொன்னேன், வண்டியைச் சரிவில் நிறுத்தியும் ஒரு தடவை. வழியில் சுருட்டிய துண்டைப் பிடித்தால் கதவு தானாகத் திரும்ப வேண்டும். திரும்பியது. கீழ்த் தண்டவாளத்தில் கிடந்த மணலையும் ஒரு பொம்மைச் சக்கரத்தையும் என் பையன் குச்சியால் நோண்டி எடுத்து விற்பவர் கையிலேயே கொடுத்தான்.

புதிதா பழசா என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறார். நான் ஒரு பக்கம் சாய்ந்தே சொல்கிறேன். 10 வருடம் வைத்து ஓட்டப்போகிறவர், வாரன்ட்டி இல்லாவிட்டால் தூக்கம் வராதவர், புதிதே வாங்கட்டும். மற்றவர்களுக்கு 3, 4 வருடம் ஓடிய, நடுத்தர வசதியுள்ள வண்டி போதும். புது வண்டியின் விலை அதிகமாக இறங்குவது முதல் சில வருடங்களில்தான், அந்த இறக்கத்தை வேறொருவர் சுமந்து முடித்திருப்பார். உச்ச மாடலைப் பழசில் வாங்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை மோட்டார் இருக்கிறதோ அத்தனையும் வயதாகும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலையிலேயே போட்டுவிடாதீர்கள். நான் பத்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று ஒதுக்கினேன். டயர் பார்க்கப் புதிதாக இருக்கும். பக்கச் சுவரில் கடைசி 4 இலக்கத்தைப் படித்தால் கதை தெரியும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால், மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கையேட்டில் இருக்கும். மாற்றியதற்கு ரசீது வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதே 6 சிலிண்டர் மினிவேன் என்றாலும், சமீப காலம் வரை வந்த ஹோண்டா ஒடிஸியில் பெல்ட், 2007 மாடலிலிருந்து ஹைபிரிடுக்கு (பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை) மாறும் வரை வந்த டொயோட்டா சியன்னாவில் செயின். பேரம் பேசும்போது இந்த ஒரு வித்தியாசமே பெரிய தொகை. ஹைபிரிட் பழசாக வாங்குகிறவர்கள் பேட்டரி வாரன்ட்டி எவ்வளவு மிச்சம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். 17 எழுத்து வண்டி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பழுது ஏதும் பார்க்கப்படாமல் கிடக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். இதற்குக் காசு கிடையாது.

மீட்டரை நான் நம்புவதில்லை, பெடல் ரப்பரை நம்புகிறேன். 40,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும்போது பிரேக் பெடல் வழுக்கைத் தலை மாதிரி இருந்தால் இரண்டில் ஒன்று பொய். எங்கள் இரண்டாவது வண்டியில் மீட்டர் கொஞ்சம் அதிகமாகவே காட்டியது, பெடலும் அதற்குத் தகுந்தபடி தேய்ந்திருந்தது. சர்வீஸ் ரசீதுகள் ஒரு பழைய கவரில் தேதி வாரியாக இருந்தன. அந்தக் கவரைப் பார்த்ததுமே கணவரின் முழங்கையை இடித்தேன். பேரம் பேசும்போது இப்படி இடிக்கக் கூடாது, விற்பவர் பார்த்துவிட்டார்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த தடவை மினிவேன்களை ஒப்பிட்டு எழுதும்போது, எழுதுகிறவரோடு ஒரு பாட்டியையும் ஒரு குழந்தை இருக்கையையும் வளர்ந்த பிள்ளை ஒன்றையும் அனுப்பிவையுங்கள். அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, முட்டிக்கும் முன் இருக்கைக்கும் நடுவே எத்தனை விரல் இடம் என்று ஒரு படம் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் மகள் வரத் தயாராக இருக்கிறாள். கூலியாக முன் இருக்கையில் ஒரு சவாரி போதுமாம்.

இப்படிக்கு,
பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி ஓட்டும் ஒரு வாசகி