வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜென் எலைசா கிட்: புதிய லாட்டின் கேலிபிரேட்டர் பற்றிய புகார்

அனுப்புநர்:
ரத்த உறைதல் பரிசோதனைப் பிரிவு

பெறுநர்:
மேலாளர், தர உறுதிப் பிரிவு

பொருள்: கேலிபிரேட்டர் மதிப்புப் பிழை, நிறம் மாறிய டிஎம்பி கரைசல் – மாற்று கிட் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மனித பிளாஸ்மாவில் வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜெனை (ரத்தம் உறைய உதவும் புரதத்தின் அளவை) அளக்கத் தாங்கள் விற்கும் 96 குழி எலைசா கிட்டின் (ஆன்டிபாடி கொண்டு நிறமாற்றத்தால் அளக்கும் பரிசோதனை) புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி), இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. முதல் புகாருக்கு வந்த பதில் பிப்பெட்டையும் கழுவும் முறையையும் சரிபார்க்கச் சொன்னதோடு நின்றுவிட்டது. ஆகவே கோளாறு எந்தக் குப்பியில் இருக்கிறது என்பதை ஆதாரத்தோடு எழுதுகிறோம்.

எங்கள் தாழ்நிலை கன்ட்ரோலின் (மதிப்பு முன்பே தெரிந்த சரிபார்ப்பு மாதிரி) இலக்கு டெசிலிட்டருக்கு 38 அலகு; ஏற்கும் எல்லை 32 முதல் 44 வரை. புதிய லாட்டில் அது 54. அதே குழாயிலிருந்து எடுத்து, அதே நாளில் பழைய லாட்டில் ஓட்டினால் 37. அடுத்து, அளவுகோலாகப் பயன்படும் கேலிபிரேட்டரை இரண்டு லாட்களுக்கிடையே மாற்றிப் போட்டோம். புதிய பிளேட்டில் பழைய கேலிபிரேட்டர்: கன்ட்ரோல் 37. பழைய பிளேட்டில் புதிய கேலிபிரேட்டர்: 53. பிழை கேலிபிரேட்டர் குப்பியோடுதான் நகர்கிறது. பிப்பெட்டில் குறை இருந்தால் அப்படி நகராது. இரட்டைக் குழிகளின் வேறுபாடும் 6 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

நோயாளி பிளாஸ்மாவை 1:50, 1:100, 1:200 என நீர்த்து, திரும்பப் பெருக்கினால் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. பிளேட்டில் பூசிய ஆன்டிபாடியும் கான்ஜுகேட்டும் (நொதி இணைத்த ஆன்டிபாடி) ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு அது போதும். தவறு அளவுகோலில். லேபிளில் 102 என்று அச்சிட்ட கேலிபிரேட்டர், பழையதை வைத்து அளந்தால் 73தான் வருகிறது. 0.5 மில்லி காய்ச்சி வடித்த நீர் விட்டு, 15 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, நுரைக்காமல் சுழற்றிக் கரைத்தோம். திறந்த குப்பி ஒவ்வொன்றிலும் இதே நிலை. உலர்த்துமுன் குறைவாக நிரப்பினீர்களா, மதிப்பைத் தவறாகக் குறித்தீர்களா என்பது உங்கள் தயாரிப்புப் பதிவேட்டில் இருக்கும். முன்பு கையேட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசத் தரத்தோடு ஒப்பிட்ட மதிப்பு என்று இருந்த வரியும் புதிய பதிப்பில் காணவில்லை. அதை ஏன் எடுத்தீர்கள்?

இது வெறும் எண் விவகாரமில்லை. 2021இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி 30 அலகுக்குக் கீழே இருந்தால் ரத்தக்கசிவு வரலாறு இல்லாவிட்டாலும் வான் வில்லிபிராண்ட் நோய் உறுதி. 30 முதல் 50 வரை என்றால் ரத்தக்கசிவும் இருக்க வேண்டும். உண்மையில் 40 அலகு உள்ளவருக்கு உங்கள் கிட் 56 என்கிறது, அதாவது இயல்பு. மாதவிடாயில் மிகுதியாக ரத்தம் போகும் பெண்ணும், டான்சில் அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தையும் அந்த முடிவோடு அனுப்பப்படுவார்கள். ஓ ரத்தப் பிரிவினருக்கு இயல்பாகவே கால் பங்கு குறைவு. அவர்களில் பலர் இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது குறை, நொதியோடு சேர்ந்து நிறம் தரும் டிஎம்பி கரைசல். சீல் உடைக்காத பாட்டிலிலேயே கரைசல் வெளிர்நீலமாக வந்தது. முன்பு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். இப்போது வெளிச்சம் புகும் வெள்ளை பிளாஸ்டிக். பிளாங்க் (மாதிரி இல்லாத குழி) காட்டும் ஒளி உறிஞ்சல் 450 நானோமீட்டரில் 0.10க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உங்கள் கையேடு, எங்களுக்கு 0.19. மிகத் தாழ்ந்த கேலிபிரேட்டரே 0.24தான் என்பதால், பிளாங்க்கைக் கழித்தாலும் மிஞ்சுவது இரைச்சல்தான். இந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாத மூன்றாம் வகை நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய வேண்டிய இடமே இதில் போய்விடுகிறது.

ஆகவே வேறு லாட் கிட்களை, புதிய டிஎம்பியோடு, உடனே அனுப்புங்கள். கேலிபிரேட்டருக்கு மதிப்பு குறித்த தரவையும் மூலகாரண அறிக்கையையும் எழுத்து வடிவில் தாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த லாட்டை வாங்கிய ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் எச்சரிக்கை அனுப்பி, விற்பனையை நிறுத்துங்கள். இந்த லாட்டில் ஓட்டிய முடிவுகளை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். மற்றவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தாங்கள் செய்யாவிட்டால் இந்திய மெட்டீரியோவிஜிலன்ஸ் (மருத்துவ சாதனப் பாதுகாப்புக் கண்காணிப்பு) திட்டத்தில் நாங்களே பதிவு செய்வோம்.

ஓ.டி. (ஒளி உறிஞ்சல்) அச்சுப்படிகள், பாட்டில் படங்கள், திறக்காத குப்பிகள் இரண்டு இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பொறுப்பு அலுவலர்,
ரத்த உறைதல் பரிசோதனைப் பிரிவு