காரைக்குடித் தெருக்களில் இரவு வண்டி நிறுத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. எங்கள் பகுதியிலோ, ராத்திரியில் யார் எங்கே வண்டியை விடுவது என்பதில் இன்னும் ஓர் ஒழுங்கு வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் வேன், கார், லோடு ஆட்டோ. நடுவில் ஒரு பைக் போகலாம், அவ்வளவுதான்.

இங்குள்ள பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சொந்தக்காரர்கள் சென்னை, மலேசியா என்று இருப்பதால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. 'ஆளில்லாத வீடுதானே' என்று வாசலை அடைத்து வண்டியை விட்டுப் போகிறார்கள். ஆனால் அந்த வீட்டிலேயே ஒரு பங்கில் வயதான ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார்.

போன மாதம் அப்படி ஓர் ஆச்சிக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறியது. 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சரி, பின்வாசல் வழியாகக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே கதவை ஒட்டி ஒரு சுற்றுலா வேன். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிப் போனோம். ஆச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் அவர் பட்ட பாட்டைப் பார்த்த யாருக்கும் மனசு ஆறாது.

சட்டம் இல்லாமல் இல்லை. இடையூறாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு சொல்கிறது. 127-வது பிரிவின்படி, 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நிற்கும் வண்டியை இழுத்துப் போகப் போலீஸ் உத்தரவிடலாம். ராத்திரி பத்துக்கு விட்டுக் காலை ஆறுக்கு எடுத்தால் அந்தக் கணக்கில் வராதே! அதனால்தான் உள்ளூருக்கென்று ஓர் இரவு விதி வேண்டும் என்கிறேன்.

ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று வைக்கலாம். வாய்க்காலைக் கூட்டுகிறவர்களுக்கும் அது வசதி. எந்த வாசலையும் எந்நாளும் மறிக்கக் கூடாது. அறுபது, எண்பது வயதுக்குச் செய்யும் சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்று வீடு திறக்கும் நாட்களுக்கு முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.

லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் வண்டிக்கு ஏது இடம்? அவர்களுக்கு விளக்கும் காவலும் உள்ள ஒரு திடலை, கட்டும்படியான மாத வாடகைக்கு மாநகராட்சியே ஒதுக்க வேண்டும். சுற்றுலா வேன்களுக்கோ, ஆட்களைத் தங்கவைக்கும் விடுதிகள்தான் இடம் காட்ட வேண்டும்.

மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீசும் சேர்ந்து, முதலில் எங்கள் வார்டில் ஒரு மாதம் இதை நடத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.