காதிஸில் பராத்தா தேட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரையைப் படித்தேன். மாட்ரிட், பார்சலோனா பற்றியெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் காதிஸ் என்ற கடற்கரை ஊருக்கு வந்தவர், அங்கே நம்மவர்களுக்கு ருசிப்பது போல ஒன்றும் கிடைக்காது, ஊறுகாயும் உப்புமா பாக்கெட்டும் கையோடு கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இந்திய ஓட்டல் ஏதாவது தேடிப் பராத்தா சாப்பிடுங்கள் என்று முடித்துவிட்டார். மற்ற ஊர்களைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. காதிஸைப் பற்றி இப்படி எழுதினால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். காதிஸ் நகரத்தை ஒட்டியே பெரிய கப்பல் பழுதுபார்க்கும் தளம் இருக்கிறது. எங்கள் கப்பல் அங்கே டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டியில், நின்ற காலத்தில், வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பழைய ஊருக்குள் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் சுத்த சைவம். மற்ற நாட்களில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே இரண்டு வகை வயிற்றுக்கும் அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கட்டுரையாளர் செவில்லாவிலிருந்து ரயிலில் வந்து அன்றே திரும்பியிருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரிகிறது. கதீட்ரல் பக்கத்தில், சாப்பாட்டுப் படங்கள் அச்சடித்த அட்டை வைத்திருக்கும் ஒரு கடையில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஊரில் ஐந்து மணி என்பது சாப்பாட்டு நேரமே இல்லை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி அடுப்பு பற்றுவது இரவு எட்டரை, ஒன்பதுக்கு. நடுவில் நல்ல கடைகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும், அல்லது காபியும் பீரும் மட்டும் கிடைக்கும். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். துறைமுகம் பழைய ஊரின் வாசலிலேயே இருக்கிறது, இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்கே பசி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவி வாங்கிப் பசியை ஒத்திப்போட்டு, இரண்டு மணிக்குச் சாப்பிடப் போகிறவன்தான் பிழைத்தான்.

இரண்டு மணிக்கு முந்தைய அந்த இடைவேளையில் போக வேண்டிய இடம் மத்திய சந்தை. 1838-இல் கட்டியது; கல் தூண்களுக்கு நடுவே மீன் கடைகள். நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மீன் சந்தையைத்தான் பார்ப்பேன், அது என் வியாதி. கணவாய், நாக்கு மீன், நவரை, சுறா, நெத்திலி, ஐலா என்று நம் ஆட்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். இனம் கொஞ்சம் வேறாக இருக்கலாம், குடும்பம் ஒன்றுதான். காலையில் அங்கே எது நிறைய குவிந்திருக்கிறதோ, அதை மதியம் கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: திங்கட்கிழமை போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் திரேஸ்புரத்தில் படகு கடலுக்குப் போகாது அல்லவா, அங்கேயும் அப்படித்தான். அதனால் திங்கள் காலையில் மீன் மேடைகள் பெரும்பாலும் காலி.

சந்தைக்கு எட்டும் தூரத்தில் பூக்கடைகள் இருக்கும் சதுக்கம் ஒன்று உண்டு. அங்கே லாஸ் ஃப்ளோரெஸ் என்ற பொரித்த மீன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பொரித்ததைக் குவித்து வைத்திருப்பார்கள். கால் கிலோ, அரைக் கிலோ என்று எடை போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மசாலா கிடையாது, முட்டையில் முக்குவதும் கிடையாது. கொஞ்சம் கொரகொரப்பான கோதுமை மாவில் புரட்டி, சல்லடையில் உதறி, நல்ல சூடான எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். மஞ்சளும் மிளகாயும் இல்லாமல் மீனா என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். முதல் பொட்டலம் தீர்ந்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருந்தால் மசாலா இல்லாமலும் நிற்கும் என்பதை அவள் ஒத்துக்கொள்வதற்கு ஸ்பெயின் வரை போக வேண்டியிருந்தது.

காரசாரம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கசோன் என் அதோபோ என்று கேளுங்கள். சின்னச் சுறாவைத் துண்டு போட்டு, வினிகர், பூண்டு, சீரகம், சிவப்பு மிளகாய்ப் பொடி, ஓரிகானோ சேர்த்து ஊறவைத்துப் பொரிப்பது. அந்த மிளகாய்ப் பொடி நம்முடையது மாதிரி எரிக்காது. ஆனால் சீரகமும் பூண்டும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். சுறாப் புட்டு பிடிக்கும் எவருக்கும் இது பிடிக்கும்.

ஆனால் காதிஸின் உண்மையான பெருமை தொர்த்தியிதா தே கமரோனெஸ். நம் ஊரில் கூனி என்கிறோமே, அந்தப் பொடி இறாலைத் தலையோடும் ஓட்டோடும் அப்படியே, கடலை மாவும் கோதுமை மாவும் தண்ணீராகக் கரைத்த கரைசலில், வெங்காயமும் பார்ஸ்லியும் சேர்த்து எண்ணெயில் ஊற்றி எடுப்பது. நல்ல கை ஊற்றினால் ரவா தோசையின் ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக, வெளிச்சம் தெரியும்படி இருக்கும். தடிமனாக, நடுவில் மாவு வேகாமல் வந்தால் கடை சரியில்லை என்று அர்த்தம், இன்னொரு கடைக்குப் போங்கள். சூடாக, நின்றுகொண்டே, கையால் தின்ன வேண்டும். கத்தியும் முள்கரண்டியும் வைத்து அதை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இதைச் சிறப்பாகச் செய்யும் இடங்களில் ஒன்று எல் ஃபாரோ. 1964-இல் தொடங்கிய கடை, லா வின்யா என்ற பழைய மீனவர் பேட்டையில் சான் ஃபெலிக்ஸ் தெருவில் இருக்கிறது. உள்ளே வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட கூடம் இருக்கிறது; அதற்கு முன்பதிவு வேண்டும், பணமும் வேண்டும். அங்கே போக வேண்டாம். வாசல் பக்கத்துப் பாரில் நின்றால், அதே சமையலறையிலிருந்து சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். கப்பல்காரன் சம்பளத்துக்கு அதுவே போதும்.

அதே பேட்டையில் காசா மந்தேக்கா என்ற மதுக்கடை, 1953-இலிருந்து நடக்கிறது. சுவரெல்லாம் காளைச் சண்டைப் படங்கள். தட்டே கிடையாது, காகிதத்தை விரித்து அதன்மேல் வைத்துவிடுவார்கள். பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் சிச்சரோன் கேட்கலாம்: மெல்லிய சீவல்கள், மேலே உப்பும் எலுமிச்சையும். சாப்பிடாதவர்கள் அந்த மாகாணத்து மலை ஆடுகளின் பாலில் செய்த பயோயோ சீஸ் கேட்கலாம். குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மன்சனியா. பக்கத்து சன்லூக்கரில் ஆகும் வெள்ளை ஒயின், குளிர்ச்சியாகத் தருவார்கள். எனக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார், அதனால் மேலே விவரிக்கப் போவதில்லை.

லா வின்யாவின் நடுத் தெரு, பால்மா மாதாவின் பெயரில் இருக்கிறது. 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தின்போது கடல் பொங்கி இந்தப் பேட்டைக்குள் ஏறியது. கோயிலிலிருந்து மாதாவின் கொடியை எடுத்து வந்து எதிரே நிறுத்தியதும் தண்ணீர் நின்றது என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றும் அந்த நாளில் ஊர்வலம் உண்டு, தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த கரைக்காரனான நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்தத் தெருவில் கோடை இரவுகளில் மேசைகளை வெளியே போட்டுவிடுவார்கள். ஐலா வகை மீனை முழுசாகச் சுட்டு, பொடிப்பொடியாக நறுக்கிய தக்காளி, குடமிளகாய், வெங்காயத்தில் எண்ணெயும் வினிகரும் ஊற்றிய பிரின்யாக்காவோடு தருவது கோடைக்கே உரியது. துணிச்சல் இருந்தால் ஒர்த்திகியாஸ் கேளுங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தியைப் பொரித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே கடல் தண்ணீரைக் குழம்பாக்கிக் கொடுத்தது போல இருக்கும். என் மனைவி ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள், மீதி எனக்கு.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை போகிறவர்கள் சூரையை விடக் கூடாது. அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு முட்டையிடப் போகும் நீலத்துடுப்புச் சூரையை, கரையோரமாக நிலையாகக் கட்டிய வலைக்கூண்டுகளில் மடக்கிப் பிடிக்கிறார்கள். அல்மத்ராபா என்று பெயர். கோனில், பார்பாத்தே, சாரா, தரிஃபா என்ற நாலு ஊர்களில் நடக்கிறது. பிடிப்பில் கணிசமான பங்கு ஜப்பானுக்குப் போகிறது. மிச்சம் காதிஸ் கடைகளுக்கு வரும். வெங்காயத்தை நிறையப் போட்டு மெதுவாக வதக்கி அதில் சூரையைச் சமைக்கிற என்செபொயாதோ தான் வீட்டுச் சமையலுக்கு நெருக்கம். அடிவயிற்றுத் துண்டு கிடைத்தால் சுட்டுத் தரச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். நம் கரையில் சூரைக்குப் பெரிய மரியாதை இல்லாததால் பில்லைப் பார்த்ததும் கொஞ்சம் வலிக்கும். மற்ற மாதங்களில் கடும் குளிரில் உறையவைத்த மீன் வரும், அதுவும் மோசமில்லை. அந்தச் சூரையை உப்பிட்டு உலர்த்தியது மொஹாமா. மெல்லிசாகச் சீவி எண்ணெய் ஊற்றித் தருவார்கள். மாசிக்கருவாடு தின்று வளர்ந்தவர்கள் ஊருக்கு ஒரு துண்டு வாங்கி வரலாம்.

எதையும் முதலிலேயே பெரிய தட்டாகக் கேட்காதீர்கள். தாபா என்பது சின்னது, மேதியா ரசியோன் பாதித் தட்டு, ரசியோன் முழுத் தட்டு. உள்ளூர்க்காரர்கள் ஒரு கடையில் ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார்கள். பழைய ஊர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த சின்ன நாக்கு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரை மணி நேர நடை, அதற்குள் செரித்துவிடும். தண்ணீருக்குப் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2022-இல் வந்த சட்டப்படி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், ஜக்கில் கேளுங்கள். மேசையில் தானாக வரும் ரொட்டிக்கும் மொறுமொறு குச்சிகளுக்கும் பல இடங்களில் காசு உண்டு, வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சைவர்கள் விஷயத்தில் கட்டுரையாளர் சொன்னதில் பாதி சரி. கஷ்டம்தான், பட்டினி இல்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து, ஹெரெஸ் வினிகர், எண்ணெய், வெங்காயம் சேர்த்த பாப்பாஸ் அலின்யாஸ் எல்லாக் கடையிலும் இருக்கும். மேலே சூரைத் துண்டு வைக்கும் பழக்கம் உண்டு, வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். குளிர்ந்த தக்காளிச் சாறு கஸ்பாச்சோ சைவம். அதன் கெட்டியான தங்கை சல்மொரேஹோ மேல் முட்டையும் பன்றித்தொடைத் துணுக்கும் தூவி வரும். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைத்தது கிடைத்தால் என் மனைவிக்கு வேறெதுவும் வேண்டாம். கொண்டைக்கடலைக் குழம்பு என்று பெர்சாவை வாங்கிவிடாதீர்கள், அதில் பன்றி உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனும், ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையும் கணக்கில் சேராமல் போகலாம்; மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். காகிதத்தில் எழுதிக் காட்டுவது நல்லது. பொரிப்பது எல்லாம் ஒரே எண்ணெய் என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி பொரித்த கத்தரிக்காயைக்கூடத் தொடவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பயணக் கட்டுரை போடும்போது, அந்த ஊரில் எத்தனை மணிக்கு அடுப்பு எரியும், எந்தக் கிழமை சந்தை மூடும், சைவர் என்ன கேட்டு வாங்கலாம் என்ற மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால், எழுதியவர் கதீட்ரல் முன்னால் நிற்கும் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்,
தூத்துக்குடி.