சிவான்னா தொழுநோய் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சுப்பிரமணிய சிவா நினைவு நாளுக்கு நீங்க போட்டிருந்த கட்டுரைய படிச்சேன், போட்டதுக்கு முதல்ல நன்றி, நிறைய பேருக்கு ஜூலை 23ங்கறதே ஞாபகம் இல்லாம போயிருச்சு. ஆனா படிச்சு முடிச்சதும் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சுங்க. ஜெயிலுக்கு போனாரு, தொழுநோய் வந்துச்சு, ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் தடை போட்டான், செத்துப்போனாரு, அவ்வளவுதான் இருந்துச்சு. வ.உ.சி.யோட நண்பர்னு ஒரு வரி. அந்த மனுஷன் என்ன பேசினாரு, எதுக்காக உள்ள போட்டாங்கன்னு ஒரு பத்திகூட இல்ல.

நான் 22 வருஷம் ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தவன். அதனாலதான் எனக்கு சிவான்னதும் முதல்ல நோய் ஞாபகம் வரமாட்டேங்குது, 1908 பிப்ரவரி 27தான் ஞாபகம் வருது. அன்னைக்குத்தான் தூத்துக்குடி கோரல் மில் ஆளுங்க வேலைய நிறுத்தினாங்க. ஹார்வி கம்பெனி மில் அது. கூலி கம்மி, வேலை நேரத்துக்கு கணக்கே இல்ல, ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. லீவு இல்லாம ஒரு மாசம் ரிங் ஃபிரேம்ல, அதான் நூல் நூற்கிற மெஷின்ல, நின்னு பாத்தவனுக்குத்தான் அதோட அர்த்தம் தெரியும், கால் வீங்கி செருப்புக்குள்ள நுழையாது. அந்த ஆளுங்ககிட்ட சாயங்காலம் சாயங்காலம் போய் பேசினவங்கதான் வ.உ.சி.யும் சிவாவும். அப்ப சிவாவுக்கு வயசு 23 தான், அதையும் நீங்க எழுதல.

ஊரே அந்த ஸ்டிரைக்குக்கு பின்னாடி நின்னுச்சு. வேலைக்கு போகாதவங்களுக்கு சாப்பாட்டுக்கு வழி பண்ணினாங்க, இவங்களுக்கு எதிரா பேசின ஒரு வக்கீலுக்கு சவரம் பண்ணிட்டு இருந்த நாவிதர் பாதி சவரத்துல எழுந்து போயிட்டாருன்னு சொல்லுவாங்க. மார்ச் முதல் வாரத்துல கம்பெனி இறங்கி வந்துச்சு, கூலி ஏறுச்சு, வேலை நேரம் குறைஞ்சுச்சு, ஞாயிறு லீவும் கிடைச்சுச்சு. சென்னைல தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது 1918ல, அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே இது நடந்துருச்சு. காந்தி இந்தியாவுக்கு திரும்பி வந்ததே 1915லதான்.

அப்ப சிவா பேசினதுல ரஷ்யாவும் வருது. அங்க ஜனங்க எழுந்து நின்னதால ஜனங்களுக்கு நல்லதுதான் நடந்துச்சுன்னு மில் ஆளுங்ககிட்ட சொன்னாரு. 1917 புரட்சி நடக்கறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடிங்க, 1905ல நடந்தத வச்சு பேசியிருக்காரு. இன்னொரு பக்கம் பாத்தா அவர் சாமி, வேதாந்தம்னு பேசுற ஆள். கோர்ட்லயே நான் சந்நியாசி, முக்திக்கு வழி சொல்றதுதான் என் வேலை, ஆத்மாவுக்கு முக்தி மாதிரி ஒரு நாட்டுக்கு முக்தின்னா அது அந்நியன் கைலருந்து விடுபடறதுன்னு வாக்குமூலம் கொடுத்தாரு. சிலர் இதுல சாமி பாதிய மட்டும் எடுத்துக்கறாங்க, சிலர் ரஷ்யா பாதிய மட்டும் எடுத்துக்கறாங்க, எனக்கு ரெண்டு பேர் மேலயும் வருத்தம்தான், ஏன்னா அந்த மனுஷனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

மார்ச் 9ஆம் தேதி வங்காளத்து தலைவர் பிபின் சந்திர பாலர் ஜெயில்லருந்து விடுதலையானத கொண்டாடினாங்க, 12ஆம் தேதி வ.உ.சி.யயும் சிவாவயும் திருநெல்வேலில வச்சு கைது பண்ணினாங்க. மறுநாள் ஊரு பத்திக்கிச்சு, துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. ஜூலை 7ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பு சொன்னான், சிவாவுக்கு 10 வருஷம், வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை, 40 வருஷம். அதுல ஒரு 20 வருஷம் எதுக்கு தெரியுமா, சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு! சிவாவ பாத்து வெள்ளைக்காரன் எவ்வளவு பயந்திருந்தா அவருக்கு துணை நின்னவருக்கே ஒரு ஆயுள் தண்டனை கொடுத்திருப்பான். அப்பீல்ல ரெண்டு பேருக்கும் 6 வருஷமா குறைஞ்சுச்சு. அந்த சிவாவ நீங்க நண்பர்னு ஒரு வரில முடிச்சிட்டீங்க.

நோய பத்தி எழுத வேண்டாம்னு சொல்லல. எழுதுங்க, ஆனா அந்த நோயோட அவர் என்ன செஞ்சாருன்னும் எழுதுங்க. வெளிய வந்ததும் ஞானபாநுங்கற பத்திரிகைய நடத்தினாரு, பாரதியார் அதுல எழுதியிருக்காரு. 1921 வாக்குல மறுபடியும் ஜெயில். ரயில்ல ஏத்தலன்னா மாட்டு வண்டில போனாரு, அதுவும் இல்லன்னா நடந்தே போய் ஊர் ஊரா கூட்டம் பேசினாரு, புண்ணு மேல துணிய சுத்திக்கிட்டு. தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டில நிலம் வாங்கி பாரதபுரம்னு பேரு வச்சு, எந்த சாதி எந்த மதமா இருந்தாலும் உள்ள வரலாம்னு பாரத மாதாவுக்கு கோயில் கட்ட நினைச்சாரு, 1923ல வங்காளத்து காங்கிரஸ் தலைவர் சி.ஆர்.தாஸ் வந்து அடிக்கல் நாட்டினாரு. கோயில் எழும்பறத பாக்காமயே 1925ல போயிட்டாரு, 40 வயசு.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த வருஷம் ஜூலைல கட்டுரையோட போட்டிருந்த அந்த கட்டை வண்டி படத்தையே திரும்ப போடாம, தூத்துக்குடில அவர் பேசினத போலீஸ்காரங்க எழுதி வச்சு கேஸ்ல காட்டினாங்களே, அதுலருந்து ஒரு பக்கமாவது போடுங்க. எங்க மில்லு ஆளுங்க நாலஞ்சு பேர் இன்னும் சாயங்காலம் டீக்கடைல உங்க பேப்பரத்தான் சத்தமா படிப்போம், அதையும் படிக்கறோம்.

இப்படிக்கு,
பழைய மில் தொழிலாளி,
பல்லடம்