ஆண்டறிக்கை 2024–25: ஹெரால்டு சீரமைப்பும் உதிரிபாக இருப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், பொள்ளாச்சிப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. ஓணத்தை ஒட்டி ஆழியாறு வரை கார்கள் அணிவகுத்துச் சென்று திரும்பின. ஆயுத பூஜையை ஷெட்டிலேயே கொண்டாடினோம். காலமான மூத்த உறுப்பினர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. செயற்குழு முறைப்படி கூட்டப்பட்டது. கோரம் சேராமல் ஒத்திவைத்த கூட்டங்களும் உண்டு.

இனி ஹெரால்டு பற்றி. தேங்காய்க் களத்துக் கொட்டகையில் பல மழைக்காலம் கண்டு கிடந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சங்கச் செலவில் சீரமைப்பது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. ஒரே காருக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று இந்த ஆண்டு முழுக்கக் கேள்வி வந்துகொண்டே இருந்ததால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் உள்நாட்டு வடிவம். 948 சிசி என்ஜின், 63 மி.மீ. போர் (சிலிண்டர் துளை), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). முன் சஸ்பென்ஷன் பாகங்கள் பெரும்பாலும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவானவை என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. நம் உறுப்பினர்களிடம் உள்ள நான்கு கதவு மார்க் 3 கார்களுக்கும் கெஸல் கார்களுக்கும் இதே என்ஜின்தான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதனால் அதன் கதவு, கண்ணாடி, பின்பக்கத் தகடு எதுவும் வெளிநாட்டில் தேடினால் கிடைக்காது, இங்கேதான் பிடித்தாக வேண்டும். ஒரு காரைச் சரியாக முடித்துவிட்டால் அச்சு, டை, அளவுக் குறிப்பு எல்லாம் சங்கத்தின் சொத்தாக நிற்கும். இந்தத் திட்டத்தின் நோக்கம் அதுதான்.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ். பாடி அதன்மேல் போல்ட்டில் நிற்கிறது. நடு ரயில்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. பக்கவாட்டில் நீளும் கைகள் மட்டும் உள்ளிருந்து துரு தின்று, ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகும் நிலை. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், தட்டிப் பார்த்தால்தான் தெரியும். பாடியைத் தூக்குவதற்கு முன் கதவு வாய்க்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து இறுக்கினோம். இதைச் செய்யாமல் தூக்கினால் வாய் அரை அங்குலம் கூடச் சுருங்கும், பிறகு எந்தக் கதவும் சேராது. பாடிக்கும் சேசிஸுக்கும் இடையில் இருந்த பேடுகள், ஷிம்கள் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எல்லாவற்றையும் எந்த இடத்தில் எத்தனை என்று துணிப்பையில் எழுதிக் கட்டி வைத்திருக்கிறோம். கதவு இடைவெளி சரியாக வருவது அவற்றைப் பொறுத்தது.

அதிகச் சர்ச்சை எழுந்தது முன் சக்கரத்து ட்ரன்னியன் விஷயத்தில். ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் மரை, கீழே உள்ள வெண்கல ட்ரன்னியனுக்குள் சுழல்கிறது. இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது. இதற்கு கிரீஸ் ஆகாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளேயே கெட்டியாகி மரைக்கு எண்ணெய் போகாமல் அடைத்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே நிற்கும், எஃகு மரையின் அடிப்பள்ளத்தில் துரு பிடிக்கும். ஒருநாள் வண்டியை மெதுவாகத் திருப்பும்போதே இணைப்பு முறிந்து சக்கரம் சரிந்துவிடும். ஹெரால்டுகள் வீட்டு வாசலில் முறிந்து நிற்பதற்கு இதுதான் முதல் காரணம். ட்ரன்னியனில் இருக்கும் சிறு பிளக்கைக் கழற்றி, அங்கே நிப்பிள் மாட்டி, ஆயில் கன்னால் மேல் சீலில் எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். வண்டி ஓடாமல் நின்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது.

நம் காரைப் பிரித்தபோது உள்ளே இருந்தது கறுத்துக் காய்ந்த கிரீஸ். மரையில் பள்ளம் விழுந்திருந்தது. கோவையில் வார்த்துக் கடைந்துகொள்ளலாம், கால்வாசி விலைதான் ஆகும் என்று செயற்குழுவில் சிலர் வலியுறுத்தினார்கள். நான் சம்மதிக்கவில்லை. ரேடியேட்டர் கோர், டைனமோ சுற்று, கார்புரேட்டர் ஸ்பிண்டில் புஷ், கிளட்ச் பிளேட் லைனிங் எல்லாவற்றையும் கோவையிலேயே செய்தோம், நன்றாகவும் வந்தன. ஸ்டீரிங்கிலும் பிரேக்கிலும் உயிர் தாங்கும் பாகத்துக்கு லேத் நகல் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இந்தப் பாகங்களை இங்கிலாந்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் வரவழைத்தோம். தனி ஆளாக ஆர்டர் போட்டால் கூரியரும் சுங்கமும் பொருளின் விலையோடு போட்டி போடும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் பங்கு குறையும். சேர்வதாகச் சொன்ன உறுப்பினர்கள் பணம் கட்டும் நேரத்தில் போனை எடுக்கவில்லை. செலவு அதிகமானதற்குக் காரணம் இதுதான்.

என்ஜின் ஜாமாகி இருந்தது. பிளக் துளைகள் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து விடுவித்தோம். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்ற யோசனை வந்தது. பிடித்துக் கிடக்கும் பிஸ்டனை அப்படி இழுத்தால் ரிங் உடைந்து போரில் கோடு விழும்.

இந்த என்ஜினில் எல்லோரும் கவனிக்க வேண்டியது, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். பின் மெயின் பேரிங்கில் அரைவட்டமாக இரண்டு வாஷர்கள் உண்டு. தேய்ந்தால் கழன்று சம்ப்பில் (என்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டியில்) விழும். பிறகு ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் கிராங்க் பிளாக்கையே அரைக்கும், பிளாக் போய்விடும். சோதிப்பது எளிது. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். டயல் கேஜில் 0.2 மி.மீ.க்கு மேல் காட்டக் கூடாது. என்ஜினை இறக்காமல் சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றியே வாஷர் மாற்றலாம். எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பி எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டிருக்கிறோம். 2000 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது, பழைய வார்ப்பிரும்புச் சீட் வேகமான ஓட்டத்தில் உள்ளே அமிழும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோசும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதில் உப்பிக் கெடும், டேங்க்கில் தண்ணீரும் சேரும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றியாயிற்று. மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

பிரேக் சிலிண்டர்களுக்குப் போர் அளவு மாறாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டோம். சீல் மட்டும் இறக்குமதி. வீல் பேரிங் தேடி அலைய வேண்டியதே இல்லை. பழைய பேரிங்கின் முகத்தில் உள்ள எண்ணைத் துடைத்துப் படித்து பேரிங் கடையில் கேட்டால் போதும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று அளவும் வேண்டும். உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடும்போது கையில் வெர்னியர் இருக்கட்டும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள், அளவைச் சொன்னால் எடுத்து வைப்பார்கள்.

போல்ட் எல்லாம் அங்குல மரை. அரை அங்குல ஹெக்ஸ் என்பது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் போட்டுத் திருகினால் மூலை மழுங்கிவிடும். இதற்காகவே சங்கம் வாங்கிய அங்குல ஸ்பேனர் செட்டும் கம்ப்ரெஷன் கேஜும் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. செயின் பிளாக்கும் இன்னொருவரிடம் இருக்கிறது. பதிவேட்டில் கையொப்பம் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் ஷெட்டுக்கு வந்துவிட்டால் பெயரைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

வயரிங்கை எலி தின்றிருந்தது. பழைய ஹார்னஸை வெட்டாமல் முழுதாக எடுத்து, பிளைவுட்டில் ஆணி அடித்து அதே வளைவில் விரித்து வைத்திருக்கிறோம். லூகாஸ் முறைப்படி பழுப்பு பேட்டரி மெயின், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழி இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த். கிடைத்த நிறத்தில் வயர் போட்டு முடிப்பதை நான் ஏற்கவில்லை. பத்து ஆண்டு கழித்து இரவில் வழியில் நிற்கும் ஒருவர் எந்த வயரைப் பிடிப்பார்?

நின்றுபோன வேலை கண்ணாடி ரப்பர். முன் கண்ணாடி ரப்பரின் வெட்டு வடிவத்துக்கு டை தயார். மெஷினை ஒருமுறை ஓட்டினால் வரும் நீளம் ஒரு காருக்கு மிக மிக அதிகம். பத்துப் பேர் பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் வெளியில் வாங்குவதைவிடக் குறைவாகும். கேட்டபோது கை தூக்கியவர்களில் பாதிப் பேர்கூடப் பணம் தரவில்லை. மழைக்கு முன் கண்ணாடி மாட்ட முடியாததால் டிங்கரிங் முடிந்த பாடியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டியதாயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தார்ப்பாய் எத்தனை நாள் நிற்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். கதவுக்கீழ் பிரைமரில் மீண்டும் துரு எட்டிப் பார்க்கிறது.

சந்தா விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடப்பாண்டுச் சந்தா கட்டவில்லை, சிலருக்கு முந்தைய ஆண்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வருபவர்கள் அதே நான்கைந்து பேர். அணிவகுப்பு என்றால் எல்லோரும் வருகிறார்கள், சேசிஸுக்கு அடியில் படுக்க ஆள் இல்லை. சந்தா பாக்கி வைத்துக்கொண்டே சங்க இருப்பிலிருந்து பாயிண்ட், கண்டென்சர் வாங்கிப் போனவர்களும் உண்டு.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு கூடுதல். பெரும்பகுதி ஹெரால்டின் உதிரிபாகங்களுக்கும் ஷெட் வாடகைக்கும் சென்றது. எல்லாவற்றுக்கும் ரசீது கோப்பில் உள்ளது. வங்கியில் ஒரு சிறு தொகை இருக்கிறது.

எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். படிவம் 20, பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ் வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே டீசல் என்ஜின் மாற்றிய வண்டிகள் இதில் சேராது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. பணம் கட்டும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டுக்கு இடம் தந்தவருக்கும், கூலி பாக்கியைப் பொறுத்துக்கொண்ட டிங்கரிங், லேத் மேஸ்திரிகளுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. ஹார்னஸ், கண்ணாடி ரப்பர், பின் குறுக்குப் பட்டையின் (பின் சக்கரங்களுக்கான இலை ஸ்பிரிங்கின்) வளைவு சரிசெய்தல் ஆகிய மூன்றும் முடிந்தால் கார் ஓடும். பின் பட்டை தளர்ந்து சக்கரங்கள் அடியில் விரிந்து நிற்கின்றன. பட்டறையில் வளைவு ஏற்றி, இலை நுனி ரப்பர்களையும் புதிதாகப் போட வேண்டும். இப்போதைய இருப்பில் இவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும். மற்ற இரண்டும் இன்று இங்கே அமர்ந்திருப்பவர்கள் கையில் இருக்கின்றன. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் கோப்பு, டை, அளவுக் குறிப்பேடு அனைத்தையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ரப்பர் பங்குப் பணம் இம்மாத இறுதிக்குள் வந்தால்.

வீட்டு மாடியிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஹெரால்டின் வைப்பர் மோட்டார், கதவுப் பூட்டு, டெயில் லைட் கண்ணாடி, ஸ்பீடோமீட்டர் கேபிள் எது கிடந்தாலும், உடைந்திருந்தாலும் அளவெடுக்கவாவது கொண்டுவாருங்கள். ஷெட் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்